ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஆங்கில இலக்கணம், சொற்கள், வாசிப்பு: வீட்டிலேயே பழக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: மகன் மார்த்தாண்டம் பக்கம் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், ஆங்கிலத்தில் அறுபது எழுபது வாங்குகிறான், ஆனால் புதிதாக ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் வாயே திறப்பதில்லை, டியூஷனில் சேர்ப்பதா அல்லது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா. பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'மார்க் வாங்குகிறான், வாசிக்க வரவில்லை' என்ற வரி விடவில்லை.

நான் ஆங்கில ஆசிரியை இல்லை. நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க ஆங்கிலத்தில் வரும் ஒப்பந்தங்களையும் மெயில்களையும் வாசிப்பதுதான் வேலை. உங்கள் வீட்டிலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இல்லை. திருவட்டாறு பக்கம், அப்பா ரப்பர் வெட்டுக்குப் போவார், அம்மா ஷீட் அடிக்க உதவுவார்.

நான் பத்தாம் வகுப்பு முடித்தது 2000இல். அப்போது ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். 88 மார்க். எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஆங்கிலத்தில் அவ்வளவு எடுத்ததில்லை, அம்மை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். செயப்பாட்டுவினையாக மாற்றும் கேள்வியில் எனக்கு ஒரு மார்க் கூடக் குறைந்ததில்லை. பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா, 'வாஸ்' போடு, வினையின் மூன்றாவது உருவத்தைப் போடு, 'பை' போடு, முன்னால் இருந்தவனைக் கடைசியில் வை, அவ்வளவுதான். வினை அட்டவணையும் தலைகீழாகச் சொல்வேன். 'பேர், போர், போர்ன்' அதில் ஒரு வரிசை. பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

ரிசல்ட் வந்து கொஞ்ச நாள் இருக்கும். மழை பிடித்து வெட்டு நின்றிருந்தது, அதனால் அப்பாவும் வீட்டில்தான். பக்கத்து வீட்டு மாமா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். ஷட்டரிங் வேலை செய்பவர், சவுதிக்குப் போக விசா வந்திருந்தது. கவருக்குள் பாஸ்போர்ட், அதோடு நான்காக மடித்த இரண்டு தாள், வேலை ஒப்பந்தம்.

"பிள்ளே, நீ இங்கிலீஷ்ல நல்ல மார்க்கு எடுத்திருக்கியாமே, உங்க அம்மை சொன்னா. இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லு மக்களே."

வாசித்தேன். நன்றாகவே சத்தமாக வாசித்தேன், அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மாமா நடுவில் நிறுத்தி ஒரு வரியில் விரலை வைத்தார். அவருக்கு 'ஃபுட்' என்ற சொல் தெரியும். "இதுல சாப்பாடுன்னு இருக்கே, அவனுவ குடுப்பானுவளா?"

அந்த வரி: 'தி காஸ்ட் ஆஃப் ஃபுட் ஷல் பி போர்ன் பை தி செகண்ட் பார்ட்டி.' ஃபுட் தெரியும், காஸ்ட் தெரியும். போர்ன் என்றால் பிறந்த. எழுத்தில் கடைசியில் ஒரு 'ஈ' கூடுதலாக இருப்பது கண்ணில் பட்டது, அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். செகண்ட் பார்ட்டி யார்? கம்பெனியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். "ஆமா மாமா, சாப்பாட்டுச் செலவு கம்பெனி பாத்துக்கும்." மாமா சிரித்தபடி, "மனசிலாச்சு, மனசிலாச்சு" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது அப்பாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், சாப்பாட்டுக்கே மாசாமாசம் நல்ல துட்டு போய்விடுகிறது என்று. நான் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். மடித்து மடித்து மடிப்பில் நூலாக நைந்திருந்தது. 'போர்ன்' பிறந்ததற்கும் வரும், எழுத்து ஒன்று கூடினால் சுமந்ததற்கும் வரும். சாப்பாட்டுச் செலவை இரண்டாம் தரப்பு சுமக்க வேண்டும். இரண்டாம் தரப்பு யார் என்று முதல் பக்கத்தின் மேலேயே இருந்தது. மாமாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'இனி செகண்ட் பார்ட்டி எனப்படுபவர்'. அன்றைக்கு அவர் பெயரையும் நான்தான் சத்தமாக வாசித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா. "நீ வாசிச்சது சரிதான் மக்களே, அங்க போன பெறவு கம்பெனிக்காரன் மாத்திப்போட்டான்." அன்று எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன். "விடு பிள்ளே, தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பேன்" என்றார். போயிருப்பார்தான். ஆனால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் போயிருப்பார், விசாவுக்கு வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு அதற்கேற்ற தவணை சொல்லியிருப்பார்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்பந்தத்தை நீட்டியது பெரியவர் தப்பு என்று யாராவது எழுத வருவீர்கள். எங்கள் ஊரில் அன்று அவர் வேறு யாரிடம் கேட்பார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம், எனக்கும் அதில் பெருமை உண்டு. நானும் அந்தக் கணக்கில் ஒருத்திதான். எழுத்து தெரிந்திருந்தது, வரி புரியவில்லை. உங்கள் மகன் நிற்பதும் அதே இடத்தில்தான் என்று தோன்றுகிறது.

அப்புறம் நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் வேண்டும்.

தம்பியின் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். பிளஸ் டூ முடித்தவள் ஆறாம் வகுப்புப் புத்தகம் படிப்பதா என்று வெட்கமாக இருந்தது, ஆனால் அந்தப் புத்தகத்தில்தான் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து சொல் மட்டுமே தெரியாமல் இருந்தது. அந்த அளவில் இருந்தால்தான் வாசிப்பு ஓடும். உங்கள் பையனுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் தொடங்காதீர்கள், இரண்டு மூன்று வகுப்பு கீழே இறங்குங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு பத்தியை மூன்று தடவை. முதல் தடவை பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தமாக. இரண்டாவது தடவை ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி, யார், என்ன செய்தார், இந்த இரண்டு கேள்வி மட்டும். மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லக்கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். நமக்குப் புரிந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுப்பது நம் மொழிதான். அன்று அந்த முதல் பக்கத்தை யாராவது தமிழில் சொல்லச் சொல்லியிருந்தால் மாமாதான் செகண்ட் பார்ட்டி என்று என் வாயிலிருந்தே வந்திருக்கும்.

இலக்கணத்துக்கும் தமிழ் உதவும். தமிழில் வினை கடைசியில் வரும், வாக்கியம் முடியும் வரை காத்திருந்து பழகிய காது நமக்கு. ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்குப் பின்னாலேயே வந்துவிடும். 'நேற்று வந்த பையன் என் தம்பி' என்பதில் 'நேற்று வந்த' பையனுக்கு முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்தில் 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று பின்னால் போய்விடுகிறது. நீள வாக்கியத்தில் பிள்ளைகள் தொலைந்து போவது பெரும்பாலும் இந்த 'ஹூ', 'விச்' வரும் இடத்தில்தான். அதைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

காலங்களும் அப்படித்தான். 'கேம்' வந்தான், 'ஹேஸ் கம்' வந்திருக்கிறான், 'ஹேட் கம்' வந்திருந்தான். இதைச் சொன்னதும் என் மகளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் தமிழில் 'நேற்று வந்திருக்கிறான்' என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' பக்கத்தில் 'யெஸ்டர்டே' நிற்காது. பிறர் சொன்னதைச் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். 'வருகிறேன் என்று சொன்னான்' என்றால் நமக்கு உள்ளே இருக்கும் வினை அசையாது, அங்கே 'ஹி செட் ஹி வாஸ் கமிங்' என்று அதுவும் இறந்தகாலத்துக்கு இறங்கும். இதையெல்லாம் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம், வாசிக்கும்போது எது வருகிறதோ அதை மட்டும்.

செயப்பாட்டுவினையை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அட்டவணையைத் தொடவே இல்லை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்ததே, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: 'தி ஃபிஷர்மென் வேர் நாட் வார்ன்டு.' மீனவர்கள் எச்சரிக்கப்படவில்லை. வாசித்துவிட்டு, "யாரு எச்சரிக்கல?" என்று கேட்டாள். அது வாக்கியத்தில் இல்லை. யார் என்பதைச் சொல்லாமல் விடவும் இந்த அமைப்பு பயன்படும், எங்கே பார்த்தாலும் அந்தக் கேள்வியைக் கேள் என்று சொன்னேன். இப்போது 'பை' வரும் இடத்தில் அவள் தானாகவே நின்று யாரென்று பார்க்கிறாள். இவ்வளவுதான் எனக்குப் பதினைந்து வயதில் தெரிந்திருக்க வேண்டியது.

சொற்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள், ஆனால் 'சொல் = பொருள்' என்று எழுத விடாதீர்கள். சொல் வந்த முழு வாக்கியத்தையும் எழுதட்டும். 'சார்ஜ்' என்ற சொல்லையே பாருங்கள், போனுக்குச் சார்ஜ் போடுகிறோம், பஸ் சார்ஜ் கொடுக்கிறோம், போலீஸ் சார்ஜ் ஷீட் போடுகிறது, தலைமையாசிரியர் இல்லாத நாளில் ஒருவர் இன்சார்ஜ். நான்கும் நாம் தினமும் பேசுவதுதான், பொருள் நான்கும் வேறு. நாளைக்கு ஐந்து சொல் போதும். தெரியாத சொல் வந்த உடனே அகராதியைத் தூக்காமல் பத்தி முடியும் வரை ஊகிக்க விடுங்கள், அப்புறம் பார்த்துச் சரிசெய்யட்டும்.

வாசிக்கப் பாடப்புத்தகம் மட்டும் என்று இல்லை. நான் ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை வரை வாசித்தேன், வங்கிப் பாஸ்புத்தகத்தின் விதிமுறைப் பக்கத்தையும் விடவில்லை. நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, ஆங்கில நாளிதழ்களை அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.

தமிழை வைத்து ஆங்கிலம் படி என்று சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். புரிந்ததா என்று கேட்க, ஊர்ப் பேச்சில் 'மனசிலாச்சா' என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டது, அன்றிலிருந்து எனக்கு 'மலையாளி' என்றே பெயர். ஆங்கிலத்தில் தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்கிற அலுவலகம், நான் என் சொந்தத் தமிழைப் பேசினால் சிரித்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, துப்பாக்கிச் சூட்டில் ஆட்களைப் பறிகொடுத்து, 1956 நவம்பர் 1இல் சேர்ந்த மாவட்டம் இது. எங்களிடம் வந்து நீ தமிழா என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் மகன் நாளைக்கு வெளியூர் போனாலும் வீட்டுப் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

சரி, மார்க். மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பத்தாம் வகுப்பில் இப்போது ஆங்கிலம் ஒரே தாள், 100 மார்க். அதில் முதல் 14 கேள்வியும் ஒரு மார்க் கேள்விகள், ஒத்த பொருள் சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னொட்டு, இணைப்புச் சொல் என்று வருவது அங்கேதான். அதைப் பழைய வினாத்தாள்களை வைத்துப் பத்தாம் வகுப்பில் பழகிக்கொள்ளலாம், ஒன்பதிலேயே தொடங்கத் தேவையில்லை. மனப்பாடச் செய்யுளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒன்பதாம் வகுப்பு வருஷம் கிடைத்திருக்கிறதே, அதை வாசிப்புக்குக் கொடுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பையன்கள் வாசிக்கிறார்களா, அல்லது சார் வாசித்து விடையைச் சொல்ல இவர்கள் எழுதிக்கொள்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவதாக இருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கலாம். இருபது நிமிஷம், சாயங்காலம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அவன் தமிழில் சொல்வது ஒன்றுக்கொன்று ஒட்டுகிறதா என்று உங்களுக்குக் கேட்கத் தெரியும், ஒட்டவில்லை என்றால் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

என் சொல் நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தச் சாப்பாட்டு வரிதான் முழுசாக எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் கேளுங்கள், இரண்டு பக்கம் படம் எடுத்துப் போடுகிறேன்.