பவளத் தொட்டியில் பாசி: வாசகர் கேள்விகள்

கேள்வி (தஞ்சாவூர்): கடல்நீர்த் தொட்டி வைத்து 4 வாரம் ஆகிறது. மணல் மீதும் கண்ணாடியிலும் பழுப்பு நிறத் தூள் படிகிறது. துடைத்தால் போகிறது, 2 நாளில் திரும்ப வருகிறது. மருந்து ஏதாவது ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். இது டயாட்டம் என்னும் நுண்பாசி. புது மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளரும், அது தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கண்ணாடியை மட்டும் காந்தத் துடைப்பானால் துடையுங்கள். 2 மாதம் தாண்டியும் குறையாவிட்டால் நீங்கள் ஊற்றும் நீரில் சிலிக்கேட் இருக்கிறது என்று பொருள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): 200 லிட்டர் தொட்டி. பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி. சமையலறை ஆர்.ஓ. நீரைத்தான் பயன்படுத்துகிறேன். சோதித்தால் நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) என்றுதான் காட்டுகிறது. சத்தே இல்லாத நீரில் பாசி எப்படி வளர்கிறது?

பதில்: சத்து இருக்கிறது, பாசிக்குள் இருக்கிறது. நீரில் கரைந்து மிஞ்சியதை மட்டுமே சோதனைக் கருவி காட்டும். பாசி அடர்ந்த தொட்டியில் வருவதை வந்தவுடனே பாசி உறிஞ்சிவிடுவதால் எண் குறைவாகத்தான் தெரியும். எனவே சோதனை எண்களையும் பாறையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் நீர். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காக டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும். வடிகட்டாத நீரில் கொஞ்சத்தை அது திரும்பக் கலந்துவிடும். சிலவற்றில் தாது உப்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. குடிக்க அது நல்லது, பவளத்துக்கு ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கோடையில் தினமும் 3 லிட்டர் ஆவியானால் மாதம் 90 லிட்டர் ஊற்றுகிறீர்கள். அதில் 10 பிபிஎம் நைட்ரேட் இருந்தாலே மாதத்துக்கு 900 மில்லிகிராம், அதாவது உங்கள் தொட்டியில் 4.5 பிபிஎம் ஏறும். மீனுக்கு ஒரு துளி தீனி போடாமலே இவ்வளவு. ஆர்.ஓ. சவ்விலிருந்து வரும் நீரைக் கலப்புக்கு முன்பே தனியாக எடுத்து, மிச்ச உப்புகளையும் பிடிக்கும், நிறம் மாறும் டி.ஐ. ரெசின் வழியாக விடுங்கள். டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள்.

அடுத்தது கையால் பிடுங்குவது. இதற்கு மாற்றே இல்லை. பிடுங்கிய பாசியோடு அது தின்ற பாஸ்பேட்டும் வெளியேறுகிறது. தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பரவி வேறு பாறையில் ஒட்டும். ஆகவே நீர் மாற்றும் நாளில் பாறையை வாளிக் கடல்நீரில் வைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத பாறை என்றால் சைஃபன் குழாயின் முனையைப் பாசி அருகே பிடித்துக்கொண்டே பிடுங்குங்கள்.

பிடிவாதமான திட்டுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நம் மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம். அதைச் சம அளவு ஆர்.ஓ. நீரில் கலந்து 3 சதவீதம் ஆக்குங்கள். பாறையை வெளியே எடுத்து, பவளத்தின் மேல் படாமல் பாசி மீது மட்டும் தடவி, 4, 5 நிமிடம் விட்டு, கடல்நீரில் அலசி உள்ளே வையுங்கள். பாசி ஓரிரு நாளில் வெளிறும், நத்தைகள் வந்து மேயும். இறால் உள்ள தொட்டிக்குள் நேரடியாக ஊற்றாதீர்கள், இறாலுக்கு அது ஆகாது.

பாஸ்பேட் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு குருணையைப் போடுவதானால் பையில் எழுதியதில் பாதி அளவில் தொடங்குங்கள். பாறை சுண்ணாம்பு என்பதால் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்து மெதுவாக வெளியே விடும். நீரில் குறைத்தாலும் ஒரு வாரத்தில் ஏறுவது அதனால்தான். பொறுமையாக இறக்குங்கள். சில நாட்களில் சரேலென இறக்கினால் பாசிக்கு முன் பவளம் வெளிறும். உறைந்த தீனியைக் கரைத்து, அந்தச் சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள். விளக்கைத் தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பாசிக்குப் பயந்து நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் 0-க்குக் கொண்டுவந்தேன். முடிப்பாசி போய், குமிழ் கோத்த பழுப்புச் சளி வந்திருக்கிறது. இரவில் குறைகிறது, மதியம் பெருகுகிறது. நத்தைகள் சாகின்றன.

பதில்: டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்னும் நுண்ணுயிர் போலத் தெரிகிறது. 0 என்பது இலக்கே அல்ல என்று மீண்டும் மீண்டும் எழுதுகிறோம். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தருவதும் ஒரு நுண்பாசிதான், அதற்கும் சத்து வேண்டும். எல்லாம் வற்றும்போது மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் தளர்ந்து, காலியான இடத்தை இது பிடிக்கிறது.

முதலில் உறுதி செய்யுங்கள். சளியைக் கொஞ்சம் தொட்டி நீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நூலாகத் திரண்டு மீண்டும் சேர்ந்தால் டைனோதான். மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் இனத்தைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீரில் மிதக்கும், நீரை உள்ளே பாயவிட்டுக் கிருமி கொல்லும் யு.வி. விளக்கு அதை அழிக்கும். மணலோடு ஒட்டிக் கிடக்கும் ஆம்ஃபிடினியம் யு.வி. பக்கமே போகாது, அதற்கு விளக்கு வாங்குவது வீண்செலவு.

இரண்டுக்கும் பொதுவானது: இரும்பு ஆக்சைடு குருணையை எடுத்துவிடுங்கள், நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் குறையுங்கள், நீர் மாற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10, பாஸ்பேட்டை 0.1 பிபிஎம் வரை உயர்த்தி, தினமும் அளந்து அங்கேயே நிறுத்துங்கள். முதல் வாரங்களில் ஊற்றிய நைட்ரேட், பாஸ்பேட் கரைசல் உடனே காணாமல் போகும், சளைக்காமல் ஊற்றுங்கள். மாதக்கணக்கு ஆகலாம். சில இனங்கள் நச்சு சுரக்கும் என்பதால் கையுறை இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கேள்வி (மதுரை): இறகு போன்ற பாசி. பிடுங்கினால் வேரிலிருந்து திரும்ப முளைக்கிறது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகோனசோல் மாத்திரை போடலாமா?

பதில்: இறகு வடிவம் என்றால் பிரையாப்சிஸ், அதற்கு இது கேட்கும். ஹாபியில் புழங்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம். பாறை, மணல் கழித்து உண்மையான நீர் 150 லிட்டர் என்றால் 750 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை 5. பொடித்து ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். வடிகட்டியில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள், ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றி வெறும் காற்றுக்கு மட்டும் ஓடவிடுங்கள். 2, 3 வாரத்தில் பாசி வெளிறிக் கரையும். அப்போது அதிலிருந்த சத்தெல்லாம் நீருக்கு வரும், அதைக் கவனிக்காவிட்டால் அதே இடத்தில் சிவப்பு சயனோபாக்டீரியா படரும். இறந்த பாசியை உறிஞ்சி எடுத்து, 25 சதவீதம் நீர் மாற்றி, கரியைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை எடுத்துத் தொட்டியில் வைத்தால் பாசி குறையும் என்கிறார்களே?

பதில்: எடுக்காதீர்கள். கல்பவள இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த கல்லாக இருந்தாலும் சேகரிப்பது வழக்கில் முடியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளம் வெப்பத்தாலும் வேற்றிடக் கடற்பாசியாலும் ஏற்கெனவே திணறுகிறது, ஒரு கல்லைக்கூட நாம் எடுப்பதில் நியாயமில்லை. சுட்ட பீங்கான் பாறையோ சிமென்ட்டில் வார்த்த கல்லோ போதும். சிமென்ட் கல்லை மட்டும் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, காரம் இறங்கிவிட்டதா என்று பி.எச். பார்த்து உள்ளே விடுங்கள்.

கேள்வி (சேலம்): 100 லிட்டருக்கு எத்தனை நத்தை?

பதில்: 5, 6 போதும், தேவைப்பட்டால் பிறகு கூட்டுங்கள். நிறையப் போட்டால் தீனியின்றிச் செத்து, அழுகி, பாசிக்கே உரமாகும். ட்ரோகஸ் நத்தை கவிழ்ந்தாலும் தானே நிமிரும். ஆஸ்ட்ரியா நத்தையை நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும், அதனால் மணல் தொட்டிக்கு முன்னதையே சொல்வோம். எதுவானாலும் நீண்டு வளர்ந்த முடிப்பாசியைத் தொடாது. கையால் குட்டையாக்கிய பிறகே விடுங்கள்.