நாக்ஸோஸ் கப்பலும் இரவு விமானமும்

ஆகஸ்ட் 14 அன்று கிரீஸின் நாக்ஸோஸ் தீவிலிருந்து அதிவேகக் கப்பலில் மதியம் ஏதென்ஸ் அருகேயுள்ள பிரேயஸ் துறைமுகம் வந்து, அன்றிரவே ஏதென்ஸில் விமானம் ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்கிற வடகாற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விடமாட்டார்கள். முதலில் நிற்பது சிறிய அதிவேகக் கப்பல்கள்தான். எனக்கே ஒருமுறை இப்படி ஆகி, பெட்டியோடு ஓர் இரவு தீவிலேயே தங்க நேர்ந்தது. அதனால் பெரிய, மெதுவான கப்பலில் டிக்கெட் போடுங்கள். ஐந்தரை மணி நேரம் போல ஆகும், ஆட்டமும் குறைவு. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய திருவிழா. டிக்கெட் சீக்கிரம் தீரும், இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஏறும்போது கப்பலின் பின்கதவு வழியாக வண்டிகளோடு சேர்ந்தே உள்ளே போவீர்கள். பெட்டி வைக்கும் அடுக்குகளில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். பிரேயஸ் என்று போட்டதில் வையுங்கள்.

அப்புறம், 2022 அக்டோபரிலிருந்து 3ஆம் எண் மெட்ரோ பிரேயஸிலிருந்து நேராக விமான நிலையம் போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லா ரயிலும் அதுவரை போகாது, பலகையைப் பார்த்து ஏறுங்கள். சாதாரண நகர டிக்கெட் செல்லாது, விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட். மெட்ரோ இல்லாத நேரத்தில் எக்ஸ்96 பேருந்து இரவு முழுக்க ஓடும்.