சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும்: எல்லா சென்சாரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் கிளம்பினால் பத்தமடை வரைக்கும் குறையில்லாமல் ஓடுகிறது. அதைத் தாண்டியதும் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். ஸ்கேனரில் பி0130, பி0335 என இரண்டு கோட் வந்தன. ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் தீரவில்லை. இப்போது மீதி சென்சார்களையும் மொத்தமாக மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. ஏற்கெனவே ஒரு செலவு வீணாகியிருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

முதல் கோட் ஆக்சிஜன் சென்சாருடையது. அது கெட்டால் மைலேஜ் குறையும், புகை கூடும், ஐடிலிங் தடுமாறலாம். ஓடுகிற வண்டியைப் பொட்டென்று நிறுத்தாது. உங்கள் தொந்தரவோடு பொருந்துவது பி0335தான். அது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டைக் குறிக்கிறது. கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் எஞ்சின் தண்டு, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு) சொல்வது இந்த சென்சார். அந்தச் செய்தி வராவிட்டால், பெரும்பாலான வண்டிகளில் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் தெளிக்காது.

சர்க்யூட் என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான் ஈசியூவுக்குத் தெரியும். சென்சார் போய்விட்டதா, வயரை இணைக்கும் கப்ளர் லூசா, எலி வயரைக் கடித்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வயல் ஓரத்து வீடுகளில் எலிதான் பல வண்டிகளுக்கு எமன். ஒருமுறை கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து வந்த வண்டிக்கு அதற்கு முன்பே இரண்டு புது சென்சார் போட்டிருந்தார்கள். கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். விளக்காமல் வைத்த பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுமே பச்சைக் களிம்பு, அது ஒரு பின் முழுக்கப் படிந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னை லேசாக இறுக்கிவிட்டதும் வண்டி சரியாகிவிட்டது. கழற்றிப் போட்ட இரண்டு சென்சாரிலும் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கோளாறை வண்டி நின்ற இடத்தில்தான் பிடிக்க முடியும். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் எல்லாமே சரியாகத்தான் காட்டும். அடுத்தமுறை நின்றதும் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி உறுமி அடங்க வேண்டும். பிறகு ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற அளவு) பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். இருநூறு சொச்சம் காட்டினால் கிராங்க் சிக்னல் வருகிறது. செல்ஃப் சுற்றும்போதும் பூஜ்யமே நின்றால் கோளாறு கிராங்க் சர்க்யூட்டில். ஆர்பிஎம் வந்து பம்ப் சத்தம் மட்டும் இல்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃப்யூஸ் பக்கம் போங்கள். இரண்டும் சரியென்றால் சூட்டில் படுத்துவிடும் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் இருந்தும் மலிவு விலை புளூடூத் ஸ்கேனர் பேசாது. அப்படியென்றால் மெக்கானிக்கின் ஸ்கேனரையே இரவல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆர்பிஎம் பூஜ்யமாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஈரத்துணியை சென்சார் மேல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். சைலன்சர் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் அடம்பிடிக்கும் வண்டி அதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பழுது அநேகமாக சென்சாருக்குள்தான். பல சென்சார்களின் உள்ளே முடியைப் போன்ற செம்புக்கம்பிச் சுருள் இருக்கும். அதில் விழுந்த விரிசல் சூட்டில் விலகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சோதனையில் பழுது சென்சாரில்தான் என்று தெரிந்தால் கிராங்க் சென்சார் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கம்பெனி பார்ட்ஸாகவே வாங்குங்கள். பழையதைக் கழற்றும்போது நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தூளாலும் சிக்னல் கெடும். மூன்று வயர் உள்ள ஹால் வகை சென்சாராக இருந்தால் ஓம் மீட்டர் வைத்து அளக்க விடாதீர்கள்; அந்த அளவால் ஒன்றும் தெரியாது, சென்சார் கெடவும் கூடும்.

மாற்றுமுன் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் சரியில்லை. எர்த் கெட்டால் நல்ல சென்சார்களும் தப்பாகப் பேசும், நான்கைந்து கோட் ஒன்றாக விழும்.

மாற்றச் சொன்ன பட்டியலில் டெம்பரேச்சர் சென்சாரும் இருக்கும். அதைக் காசில்லாமலே சோதிக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஆன் மட்டும் போட்டு, கூலன்ட் சூட்டையும் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் ஸ்கேனரில் பாருங்கள். நம்மூரில் இரண்டும் 27, 28 டிகிரி என்று அருகருகே நிற்க வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 காட்டினால் அங்கே வயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. பாபநாசம் மலையில்கூட அந்தக் குளிர் கிடையாது!

பழுது தீரும் வரை சொரிமுத்தையனார் கோயில் ஏற்றத்துக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் ஓரிரு மிதிக்கு மட்டும் இலகுவாகப் பிடிக்கும், அதற்குமேல் முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். சமதரையில் ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, இடப்பக்கம் ஒதுங்குங்கள்.