நெற்றி வலிக்குது, கன்னம் லூஸ்: எக்ஸ்எல் ஹெல்மெட் எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, எக்ஸ்எல்லுக்குப் போகாதீங்க. எல் சைஸில் இருபது நிமிசத்தில் நெற்றி வலிக்குது, கன்னப் பக்கம் லூஸ் எண்டு எழுதியிருக்கிறீங்க. அது சைஸ் பிழையில்லை, வடிவப் பிழை. உங்கட தலை முன்பின்னா நீளம், அந்த ஹெல்மெட் உள்ளுக்கு வட்டம். பெரிசு எடுத்தால் வலி குறையும், ஆனால் பிரேக் பிடிக்கேக்க ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கும். நானும் ஒருக்கா அப்படி ஏமாந்தனான்.

நீள்வட்ட வடிவ மொடல் ஒண்டைத் தேடுங்க. புருவத்துக்கு மேல ஒரு அங்குலத்தில் டேப் சுற்றி அளந்துகொண்டு போங்க. போட்டு, ஹெல்மெட்டின்ர தாடைப் பக்கத்தைப் பிடிச்சு இடம் வலம் ஆட்டினால் கன்னத்தோல் கூடவே இழுபடவேணும். பிறகு பட்டியை இறுக்கி, பின் விளிம்பைப் பிடிச்சு முன்னுக்கு உருட்டச் சொல்லுங்க. கழண்டால் அங்கேயே வச்சிட்டு வாங்க. அரை மணித்தியாலம் கழட்டாமல் இருங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை. கழட்டினதும் நெற்றியில் ஒரே புள்ளியில் சிவப்பு இருந்தால் அதுவும் சரிவராது. கன்னம் கொஞ்சம் இறுக்கமா இருக்கிறது நல்லது, பஞ்சு பாவிக்கப் பாவிக்க அமரும்.

கட்டுக்குருந்த பந்தயத் திடலில் கார் ஓட்டத்தானே? அப்ப ஸ்னெல் எஸ்ஏ முத்திரை பாருங்க; ஸ்னெல் எண்டது ஹெல்மெட்டுகளைச் சோதிச்சு முத்திரை குடுக்கிற அமைப்பு, எஸ்ஏ கார்ப் பந்தயத்துக்கு. எம் எண்டால் மோட்டார் சைக்கிளுக்கு, தீத்தாங்கும் சோதனை அதில் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பாவிச்ச ஹெல்மெட் மலிவாக் கிடைச்சாலும் தொடாதீங்க, ஒருக்கா அடிபட்ட உள் நுரை வெளியில் தெரியாது.