ஆயில் மட்டம் ஏறினால் நல்லதா? புது பிக்கப் எஞ்சின் சந்தேகங்கள்

கேள்வி: புதிதாக எடுத்த டீசல் பிக்கப். இன்னும் 6,000 கி.மீ. கூட ஓடவில்லை. ஆயில் மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போய், இப்போது டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டிவிட்டது. "குறைந்தால்தான் கவலை, ஏறினால் நல்லதுதானே" என்கிறார் சர்வீஸ் சென்டரில். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஆயில் குட்டி போடாது. மட்டம் ஏறுகிறதென்றால் டீசலோ கூலன்ட்டோ அதில் கலக்கிறது. கூலன்ட் என்றால் அதன் டேங்கில் அளவு இறங்கும், ஆயிலும் மோர் போல வெளுக்கும். இரண்டும் இல்லையென்றால் டீசல்தான்.

அது எப்படி அங்கே போகிறது? புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் அந்தக் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, பல எஞ்சின்களில் பவர் ஸ்ட்ரோக் முடியும் நேரத்தில் இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு வழிகிறது. (புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்த வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.) ரீஜெனரேஷன் எனப்படும் இந்த வேலை முழுதாக முடிந்தால் கலக்கும் அளவு சொற்பம். ஐந்து கி.மீ. ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அங்கேதான் டீசல் சேர்கிறது.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். சமதரையில், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு வளையம் விரிந்திருக்கும். இது ஒரு குறிப்புதான். உறுதியான பதில் வேண்டுமென்றால் ஆயிலை ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் முழுதாக மாற்றச் சொல்லுங்கள். அரை லிட்டர் உறிஞ்சி எடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பது ஏமாற்று. மிச்சமும் நீர்த்துப்போன ஆயில்தானே. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது. மட்டம் மிகவும் ஏறினால், பிரீதர் குழாய் வழியாக எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அலறும் அபாயமும் உண்டு. புதிதாக ஊற்றுவது கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த வகையாக இருக்கட்டும். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது, டி.பி.எஃப்.-இலேயே தங்கிவிடும்.

ரீஜெனரேஷன் நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: ஐடில் வழக்கத்தைவிட உயரும், சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, சூட்டு வாடை அடிக்கும், நிறுத்திய பிறகும் மின்விசிறி ஓடும். அப்போது அணைக்காமல், ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்.பி.எம். அளவில் 15–20 நிமிடம் சீராக ஓட்டுங்கள். காய்ந்த புல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

நீண்ட தூரம் ஓட்டியும் நூறு கி.மீ.க்கு ஒருமுறை இது வருகிறதென்றால் குறை உங்கள் ஓட்டத்தில் இல்லை. ஒழுகும் இன்ஜெக்டர், தவறாகக் காட்டும் பிரஷர் சென்சார், விரிசல் விட்ட டர்போ குழாய் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் கடைசி ரீஜெனரேஷனுக்குப் பின் ஓடிய தூரம், கரியின் எடை, ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவு ஆகியவற்றை அச்செடுத்து வாங்கி வையுங்கள். வாரண்டிச் சண்டையில் பேசப்போவது அந்தத் தாள்தான்.

கேள்வி: பெரிய பெட்ரோல் எஞ்சின் பிக்கப். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டக் டக்" என்கிறது. ரீகால் (குறையுள்ள வண்டிகளை உற்பத்தியாளரே திரும்ப அழைப்பது) செய்திகளைப் படித்துப் பயமாக இருக்கிறது.

பதில்: பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலோகத் துணுக்குகள் எஞ்சினுக்குள் தங்கியதால் மெயின் பேரிங் கெடலாம் என்று, 2022–23 மாடல் டுண்ட்ராவையும் லெக்ஸஸ் எல்.எக்ஸையும் சேர்த்து அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை டொயோட்டா 2024இல் ரீகால் செய்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 2021–24 மாடல்களின் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்கு ரீகால் அறிவித்தது. குறை கிராங்க்ஷாஃப்ட்டிலும் கனெக்டிங் ராடிலும். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் வண்டிகள். சோதனையில் தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20க்குப் பதிலாக, கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றினார்கள். உங்கள் சேஸிஸ் எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டுப் பார்ப்பது முதல் வேலை.

ஆனால் எல்லா "டக் டக்"கும் பேரிங் அல்ல. குளிரில் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் போல்ட் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம், அல்லது வால்வை இயக்கும் லிஃப்டரில் ஆயில் வடிந்திருக்கலாம். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் தையல் மெஷின் போலச் சடசடப்பது இயல்பே. பேரிங் சத்தம் ஆழமானது. எஞ்சின் சூடாகச் சூடாகச் சத்தம் அதிகரிக்கும், ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டுப் பிடிக்கும்போது நன்றாகக் கேட்கும். அப்படிக் கேட்டாலோ ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். வண்டி இழுவை வண்டியில் போகட்டும். ஆர்.பி.எம். முள்ளும் வெப்ப முள்ளும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள், ஏனெனில் சர்வீஸ் சென்டர் வாசலில் சத்தம் அடங்கிவிடுவது இந்த எஞ்சின்களின் குணம்.

அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஃபில்டரை உங்கள் முன்னாலேயே வெட்டச் சொல்லுங்கள். மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல எஞ்சினில் மிக நுண்ணிய பொடிதான் மின்னும். விரலில் தட்டுப்படும் செதில்கள் கிடந்து, அவை காந்தத்தில் ஒட்டவும் இல்லையென்றால் பேரிங் உரிகிறது.

கேள்வி: புது வண்டி ஆயில் குடிக்கிறது. எவ்வளவு வரை சகிக்கலாம்?

பதில்: ரிங் படியும்வரை கொஞ்சம் குடிக்கும். கையேட்டில் அனுமதித்த அளவு போட்டிருக்கும். மேல்கோடு வரை நிரப்பி, கி.மீ.யைக் குறித்து, 1,000 கி.மீ. ஓட்டி, மறுபடி மேல்கோட்டுக்கு வர எத்தனை மி.லி. ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். இதை சர்வீஸ் சென்டரே சீல் வைத்துச் செய்தால் பின்னால் மறுக்க முடியாது.

கேள்வி: டீசல் நிரப்பிய மறுநாள், பாரம் ஏற்றி மேடு ஏறும்போது வேகம் செத்துவிட்டது. ஸ்கேனரில் பி0087 வந்தது.

பதில்: எரிபொருள் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். நேரத்தை வைத்துப் பார்த்தால் டீசலில் தண்ணீர் என்றே தோன்றுகிறது. டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரியும். குப்பியில் உலோக மினுக்கம் தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டவே கூடாது. 2,000 பார் அழுத்தத்தை எட்டும் பம்ப்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் வந்தால் பம்ப் தேய்ந்து, அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றுக்கும் பரவும். அசுத்த எரிபொருளுக்கு வாரண்டி கிடையாது என்பார்கள். ஆகவே அந்த டீசலில் ஒரு லிட்டரையும், நிரப்பிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பாட்டரியைக் கழற்றி மாட்டினால் எஞ்சின் விளக்கு அணைந்துவிடுமாமே?

பதில்: சில வண்டிகளில் அணையும். கோளாறு வந்த நொடியில் பதிவான வேகம், சூடு, அழுத்தம் எல்லாமும் அதோடு அழிந்துபோகலாம். மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான். விளக்கை எரியவிட்டே கொண்டுபோங்கள்; பதிவை அச்செடுத்த பிறகு அவர்களே அணைக்கட்டும்.