வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டியல் உதவுமா?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் நாம் ஓயாமல் நினைவூட்டாமலே அன்றாடப் பாடங்களை விருப்பத்தோடு முடிப்பதற்குப் பட்டியல் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் என் மகளுக்கும் மகனுக்கும் நான்கு ஆண்டுகளாக வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். உதவும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பட்டியல் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

முதலாண்டில் பள்ளிக்கூட அட்டவணையைப் போல 'மலாய் ஒரு மணி நேரம், கணிதம் ஒரு மணி நேரம்' என்று எழுதி ஒட்டினேன். அப்போது ஏழு வயதான மகன் பாதி நேரம் கடிகாரத்தையே பார்த்திருந்துவிட்டு, மணி ஆனதும் எழுந்து போய்விடுவான். பிறகுதான், முடிந்ததா இல்லையா என்று அவனே பார்த்துச் சொல்லக்கூடிய செயலாக ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. 'கழித்தலில் எட்டுக் கணக்குகள்', 'மலாய்க் கதையில் இரண்டு பக்கம் உரக்க வாசித்துத் தெரியாத ஐந்து சொற்களைக் குறித்தல்' என்று மாற்றியதும், "அம்மா, இன்னும் எத்தனை இருக்கு?" என்று என்னைக் கேட்பதை விட்டுத் தானே எண்ணிப் பார்க்கத் தொடங்கினான்.

ஐந்து வரிகளுக்கு மேல் வேண்டாம். முந்தின நாள் மாலை அவனே தன் கையெழுத்தில் எழுதுகிறான். எதை முதலில் செய்வது என்பதும் அவன் முடிவு. ஐந்தில் ஒன்று அவன் ஆசைப்பட்டதாக இருக்கும். சென்ற மாதம் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய் நாகலிங்க மரத்தை வரைய வேண்டும் என்று எழுதியிருந்தான். பூக்கள் கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலேயே பூத்திருப்பதைக் கண்டு வியந்து, கேட்காமலே அரைப் பக்கம் தமிழில் எழுதி வைத்தான்.

வரிக்கொரு நட்சத்திர ஒட்டி, பத்து ஒட்டிக்கு ஒரு பொம்மை என்ற வழக்கத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுள்ள சிறுபிள்ளைகளிடம் பரிசு தருவதாக முன்கூட்டியே சொன்னபோது, பின்னாளில் அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்துபோனது. வேலை முடிந்தபின் மாலை முழுவதும் தனக்கே சொந்தம் என்ற உறுதியே என் மகனுக்குப் போதுமானதாக இருக்கிறது. அதனால், அவன் விரைவாக முடித்துவிட்டான் என்பதற்காக ஆறாவது வரியைச் சேர்க்காதீர்கள். ஒருமுறை நான் சேர்த்தேன், அதன்பின் இரண்டு வாரம் அவன் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தான்.

மகளுக்கு வயது பதின்மூன்று என்பதால் அவளுக்கு வாரப் பட்டியல். விடுபட்டவற்றை மறுவாரத்தில் அப்படியே ஏற்றுவதில்லை; ஏன் விடுபட்டது என்று வெள்ளிக்கிழமை இருவரும் பேசுகிறோம். பெரும்பாலும் பாடம் புரியாததுதான் காரணமாக இருக்கும், சோம்பல் அன்று.

இன்னொன்று. மலேசியாவில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம்; அந்த வயதுப் பிள்ளையை வீட்டில் படிக்க வைக்க முறையாக விலக்குப் பெற வேண்டும். முடிந்த பட்டியல்களைத் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்து வையுங்கள்; பிள்ளை என்ன படித்தான் என்று யாரேனும் கேட்டால், எடுத்துக் காட்ட அவன் கையெழுத்திலேயே ஒரு பதிவு இருக்கும்.