கொரோனாக் கால நிவாரண நிதியும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் மானியப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரி இது. பகலில் கடையிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு வந்து படிப்பவர்கள்தான் இங்கே அதிகம். கொரோனா நேரத்து நிதி பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கவிதா, மதுரை: யார் கொடுத்த பணம் அக்கா? எவ்வளவு?

மத்திய அரசு, மூன்று தவணையாக. 2020 மார்ச்சில் கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்தின் கீழ் சுமார் 1,400 கோடி டாலர். அந்த டிசம்பரில் சுமார் 2,100 கோடி. 2021 மார்ச்சில் ஏறக்குறைய 4,000 கோடி. இது பெரிய பல்கலைக்கழகங்கள் உட்பட எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்து.

செல்வம், டொராண்டோ: ஏழை மாணவர்கள் அதிகம் என்றால் உங்களுக்குப் பங்கும் அதிகம் வந்திருக்குமே?

அப்படித்தான் நாங்களும் எதிர்பார்த்தோம். முதல் தவணையில் முக்கால் பங்கு, பெல் மானியம் (படிப்புக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை) வாங்கும் ஏழை மாணவர் கணக்கை வைத்துத்தான் பிரிக்கப்பட்டது. ஆனால் தலையை எண்ணவில்லை, முழுநேரத்துக்குச் சமமாக எண்ணினார்கள். அதாவது பாதி நேரம் படிக்கும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒருவர். எங்களிடம் பெரும்பாலானோர் பகுதிநேரம்! இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டு பாடம் படிக்கும் அம்மாவுக்குப் பசி பாதியாகவா இருக்கும்? அடுத்த தவணையில் தலைக்கணக்கையும் சேர்த்தார்கள். எங்களைப் பொறுத்தவரை தொகை கூடியதைவிட இந்த மாற்றம்தான் பெரிது.

ரேவதி, கோவை: மாணவர் கைக்குக் காசு போனதா, கல்லூரியே வைத்துக்கொண்டதா?

முதல் தவணையில் பாதியாவது மாணவருக்கே போக வேண்டும் என்பது சட்டம். சாப்பாடு, வாடகை, மருந்து, குழந்தை பராமரிப்பு என்று அவர்கள் செலவழிக்கலாம். கட்டணப் பாக்கி இருந்தாலும் கல்லூரி அதில் கை வைக்க முடியாது. பிந்தைய தவணைகளில் மாணவர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டும் பாக்கியில் கழிக்கலாம் என்றார்கள்.

நர்சிங் மாணவி ஒருத்தி கார் டயருக்குப் பணம் கேட்டு எழுதியிருந்தாள். டயரா என்று ஒருவர் யோசித்தார். பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைக்குப் பஸ் கிடையாது, டயர் இல்லையென்றால் அந்தப் பருவமே போய்விடும். நான் பார்த்ததில் இந்த நிதியின் மிக நல்ல உபயோகம் இப்படிக் கையில் கொடுத்த காசுதான். என்ன தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இளங்கோ, சிங்கப்பூர்: மீதியைக் கல்லூரிகள் என்ன செய்தன?

லேப்டாப், ஹாட்ஸ்பாட் வாங்கி இரவல் கொடுத்தார்கள். வீட்டில் இணையம் இல்லாதவர்கள் காரில் உட்கார்ந்தே வகுப்பைக் கேட்க, வாகன நிறுத்துமிடம் வரை வைஃபையை நீட்டினார்கள். கொரோனா பரிசோதனை, வகுப்பறைக் காற்றோட்டம், ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி எல்லாம் உண்டு. விளையாட்டு மைதானம் கட்ட அனுமதி இல்லை.

கட்டணப் பாக்கியைத் தள்ளுபடி செய்ததும் உண்டு. ஏழு சமுதாயக் கல்லூரிகளையும் உள்ளடக்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், குறைந்தது 50,000 மாணவர்களின் 12.5 கோடி டாலர் வரையான பாக்கியை நீக்குவதாக 2021 ஜூலையில் அறிவித்தது. பாக்கி இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய முடியாமல் படிப்பு நின்றுபோகும். அதனால் இது பெரிய உதவி.

ஃபாத்திமா, நாகப்பட்டினம்: வாங்கிய பணத்துக்கு வரி உண்டா?

இல்லை. திருப்பியும் கட்ட வேண்டாம்.

ஜான், திருச்சி: ஆவணம் இல்லாத குடியேறிகளுக்கு?

2020 ஜூனில் மத்திய கல்வித்துறை அவர்களை விலக்கி விதி போட்டது. அதற்கு முன்பே, மே மாதத்திலேயே, கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகள் இந்த நிலைப்பாட்டை எதிர்த்து நீதிமன்றம் போய், அடுத்த மாதம் தடையும் வாங்கின. 2021 மே மாதம் விதியே மாறியது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் தரலாம் என்றானது. அதற்குள் பலர் படிப்பை விட்டுப் போயிருந்தார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கவிதா மறுபடியும்: நிதி முடிந்த பிறகு?

பெரும்பாலான கல்லூரிகளுக்கு 2023 ஜூன் 30 கடைசி நாள். லேப்டாப்கள் இருக்கின்றன. அந்தப் பணத்தில் எடுத்த ஆலோசகர்களை எங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. டயர், வாடகை என்று கேட்டு வருபவர்கள் இப்போதும் வருகிறார்கள். நன்கொடையில் நடக்கும் ஒரு சின்ன நிதி இருக்கிறது, அதிலிருந்து கொடுக்கிறோம். பருவம் பாதி தாண்டுவதற்குள் அது தீர்ந்துவிடுகிறது.